கூட்டம் ஏன் கல்லெடுக்கிறது? குழு வன்முறைக் கோட்பாடுகளைத் தேர்வுக்குப் படிக்கும் முறை

சமூக உளவியல் தாளில் 'குழுவாகச் செய்யப்படும் தாக்குதலுக்கான உளவியல் விளக்கங்கள்' என்று வரும் கேள்வியைப் பலரும் எளிதென்று நம்பித்தான் எடுக்கிறார்கள். மதிப்பெண்ணோ பாதியில் நின்றுவிடுகிறது. பெயரும் ஆண்டும் தெரியாமல் அல்ல. ஏழெட்டுக் கோட்பாடுகளை ஆளுக்கொரு பத்தியாக மனப்பாடம் செய்து, விடைத்தாளில் அதே வரிசையில் இறக்கிவைத்துவிட்டு வருவதால்தான் அப்படி ஆகிறது. இந்தக் கோட்பாடுகள் ஒன்றோடொன்று சண்டை போட்டு வளர்ந்தவை. யார் யாருக்குப் பதில் சொன்னார் என்பது பிடிபட்டால் மனப்பாடச் சுமை பாதியாகும்.

பெரியார் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் படிப்பவர், ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ படிப்பவர், யூ.ஜி.சி. நெட் தகுதித் தேர்வு எழுதுபவர், யூ.பி.எஸ்.சி.யில் உளவியலை விருப்பப் பாடமாக எடுத்தவர் ஆகிய எல்லோருக்கும் கோட்பாடு ஒன்றுதான். எழுதும் அளவும் தோரணையும் மட்டும் மாறும். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

சொல்லைத் தீர்மானித்துவிட்டு உள்ளே போங்கள்

'அக்ரெஷன்' என்பதற்குத் தமிழில் ஒரே சொல் நிலைபெறவில்லை. வன்முறை, ஆக்கிரமிப்பு, தாக்குதல் நடத்தை என்று நூலுக்கு ஒன்றாக இருக்கிறது. 'ஆக்கிரமிப்பு' என்றால் நம் பக்கம் ஏரிப் புறம்போக்கில் வீடு கட்டியதுதான் நினைவுக்கு வரும், அதை விட்டுவிடுங்கள். 'தாக்குதல் நடத்தை' என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் குறித்துவிட்டால் போதும். பிறகு விடை முடியும்வரை அந்தச் சொல்லை மாற்றக் கூடாது. முதல் பக்கத்தில் 'விரக்தி', மூன்றாம் பக்கத்தில் 'ஏமாற்றம்' என்று எழுதினால், திருத்துபவர் இரண்டும் இரண்டு கருத்து என்றே எடுத்துக்கொள்வார்.

வரையறைக்கு பேரன், ரிச்சர்ட்சன் (1994) இருவரையும் வைத்துக்கொள்ளலாம். அதில் நான்கு உறுப்புகள் உண்டு: அது செயலாக இருக்க வேண்டும் (வெறும் கோபமாக இருந்தால் போதாது), தீங்கு செய்யும் நோக்கம் வேண்டும், இலக்கு ஓர் உயிராக இருக்க வேண்டும், அந்த உயிர் அதைத் தவிர்க்க விரும்ப வேண்டும். இந்த நான்கையும் ஓர் எடுத்துக்காட்டில் உரசிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்வது இந்த வரையறைக்குள் வராது. ஆட்கள் உட்கார்ந்திருக்கும் பேருந்தின் மேல் கல் எறிவது வரும். காலிப் பேருந்தின் கண்ணாடியை உடைப்பது விளிம்பில் நிற்கிறது. இப்படி ஒரு வரி எழுதினாலே, வரையறையை உருப்போடாமல் யோசித்து எழுதியிருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று: குழு, கூட்டம், கும்பல் மூன்றும் ஒன்றல்ல. குழுவுக்கு உறுப்பினர் யார் என்ற கணக்கும் உள்ளமைப்பும் உண்டு. கூட்டம் ஓரிடத்தில் சேர்ந்தவர்கள், அவ்வளவுதான். 'கும்பல்' என்ற சொல்லிலேயே தீர்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. விடைத்தாளில் அதைத் தவிர்ப்பது நல்லது.

எல்லாக் கோட்பாட்டையும் பிரிக்கும் ஒரே கேள்வி

ஒரு வெள்ளைத்தாளின் நடுவில் மேலிருந்து கீழாகக் கோடு போடுங்கள். மேலே இப்படி எழுதுங்கள்: கூட்டத்துக்குள் போன ஆள் தன்னை இழக்கிறானா, அல்லது அவனுக்குள் இருந்த 'நாங்கள்' முன்னுக்கு வருகிறதா?

கோட்டின் இடப்பக்கம், இழக்கிறான் என்பவர்கள்: லெ போன், ஃபெஸ்டிங்கர், ஜிம்பார்டோ. வலப்பக்கம், 'நாங்கள்' வருகிறது என்பவர்கள்: டாஜ்ஃபெல், ரீச்சர். டர்னர், கில்லியன் இருவரும் வலப்பக்கத்துக்குச் சற்று முன்னால் நிற்பார்கள். ஃப்ளாய்டு ஆல்போர்ட்டுக்கு இரண்டு பக்கமும் இடமில்லை. கூட்டம் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்பது அவர் கட்சி. விரக்திக் கோட்பாட்டைக் கோட்டுக்குக் கீழே எழுதுங்கள். கோபம் எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லும். கூட்டம் சேர்ந்ததும் என்ன மாறுகிறது என்பதைச் சொல்லாது.

எந்தக் கேள்வி வந்தாலும் இந்தத் தாள் கண்முன் வர வேண்டும். இனி ஒவ்வொன்றாக.

லெ போன் முதல் 1950-கள் வரை: வேகமாகக் கடக்க வேண்டிய பகுதி

குஸ்தாவ் லெ போன் (1895) கூட்டத்துக்குத் தனி மனம் உண்டென்றார். முகமறியாமை (யார் என்று அடையாளம் தெரியாமல் இருத்தல்), தொற்றுதல், எளிதில் ஏவப்படுதல் என்ற மூன்றும் அவருடையவை. அவர் சோதனை எதுவும் செய்யவில்லை. 'லெ போனின் ஆய்வு காட்டுவது என்னவென்றால்' என்று எழுதுவது ஆண்டுதோறும் வரும் தவறு. பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் எழுச்சியைக் கண்டு மிரண்ட மேல்தட்டின் பார்வை அவருடையது என்ற விமர்சனத்தையும் ஒரு வரியில் சேர்த்துவிடலாம்.

அவருக்கு மறுப்பு ஆல்போர்ட் (1924). தனியாக இருக்கும்போது எப்படியோ அப்படியே கூட்டத்திலும், கொஞ்சம் கூடுதலாக. ஒரே மாதிரி ஆட்கள் ஒரே இடத்தில் சேர்வதுதான் விஷயம் என்பது இதன் சாரம். டர்னரும் கில்லியனும் (1957) வேறு வழி போனார்கள்: கூட்டம் சேரும்போது என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது, கண்ணில் படும்படி ஒருவர் ஏதாவது செய்வார், மற்றவர்கள் சும்மா இருப்பதே சம்மதமாகிவிடும், அந்த இடத்துக்கு ஒரு விதி பிறந்துவிடும். முதல் கல் யாருடையது என்பதை விட, அதைப் பார்த்தும் யாரும் தடுக்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

ஸ்மெல்சரின் ஆறு படிகள் (1962) சமூகவியல் பக்கம் சாய்ந்தவை. நெட்டுக்கு மட்டும் வரிசையைத் தெரிந்துகொண்டால் போதும்: அமைப்பு இடம் கொடுத்தல், அழுத்தம், பொது நம்பிக்கை பரவுதல், தூண்டும் நிகழ்வு, ஆள் திரட்டல், கட்டுப்படுத்தும் அமைப்பு செயல்படுதல் அல்லது செயல்படாமல் போதல்.

விரக்தி: கோபசந்திரத்தை வைத்துப் படியுங்கள்

டாலர்ட், டூப், மில்லர், மௌரர், சியர்ஸ் ஐவரும் 1939-இல் சொன்னது: தாக்குதல் இருந்தால் அதற்கு முன் விரக்தி இருந்திருக்கும், விரக்தி வந்தால் ஏதோ ஒரு வடிவில் தாக்குதல் வரும். இரண்டாம் பாதி நிற்கவில்லை. நீல் மில்லரே 1941-இல் திருத்தினார்: விரக்தி பல எதிர்வினைகளுக்குத் தூண்டும், தாக்குதல் அவற்றில் ஒன்று. பெர்க்கோவிட்ஸ் (1989) இன்னும் இளக்கினார்: விரக்தி வெறுப்புணர்வைக் கிளப்புகிறது, வெறுப்புணர்வுதான் தாக்கத் தூண்டுகிறது. 1939, 1941, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகுங்கள். 1939-ஐ மட்டும் எழுதிவிட்டு 'ஆனால் எல்லோரும் தாக்குவதில்லையே' என்று விமர்சிப்பது 1941-லேயே பதில் வந்துவிட்ட கேள்வியை மறுபடி கேட்பது.

2023 பிப்ரவரி 2 அன்று ஓசூர் அருகே கோபசந்திரத்தில் நடந்தது இதற்குத் தோதான எடுத்துக்காட்டு. எருது விடும் விழாவுக்குக் கூட்டம் திரண்டுவிட்டது, அனுமதி தாமதமானது, கிருஷ்ணகிரி–பெங்களூரு நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது, பேருந்துகள் மீது கல் விழுந்தது. இதில் கோட்பாட்டின் மூன்று கூறுகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, இலக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது தடை வந்தால் விரக்தி கூடும். மேரி ஹாரிஸ் (1974) வரிசையில் நிற்பவர்களிடம் இதைச் சோதித்தார்: வரிசையின் முன்பக்கம் இருப்பவருக்கு முன்னால் ஒருவர் புகுந்தால் கிளம்பும் கோபம், 12-ஆம் இடத்தில் இருப்பவருக்கு முன்னால் புகுந்தால் வருவதை விட அதிகம். இரண்டாவது, தடை நியாயமற்றதாகத் தோன்றினால் கோபம் ஏறும். மூன்றாவது, இடம்பெயர்தல்: அனுமதி தராதவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறார், பேருந்து எதிரிலேயே நிற்கிறது.

ஆனால் கோட்பாடு இங்கேயே தடுக்கியும் விழுகிறது. அத்தனை பேருக்கும் ஒரே விரக்தி, கல்லெடுத்தது சிலர். அந்தச் சிலர் யார், ஏன் என்பதற்கு 1939-இன் கோட்பாட்டில் விடை கிடையாது. இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு அடுத்த கோட்பாட்டுக்குத் தாவினால் விடை தானாகக் கோர்வையாகும்.

ஹாவ்லாண்ட், சியர்ஸ் (1940) ஆய்வையும் இங்கே கேட்பார்கள். அமெரிக்கத் தென் மாநிலங்கள் 14-இல், 1882 முதல் 1930 வரை, பருத்தி விலை இறங்கிய ஆண்டுகளில் கறுப்பின மக்களைக் கூட்டமாகச் சேர்ந்து கொல்வது கூடியது என்றார்கள். இது தொடர்புக் கணக்கு; காரணத்தை நிறுவியது என்று எழுதினால் மதிப்பெண் குறையும். 1998-இல் கிரீன், கிளேசர், ரிச் மூவரும் காலவரம்பை நீட்டிப் பார்த்தபோது, 1930-களின் பொருளாதாரப் பெருமந்த ஆண்டுகளில் அந்தத் தொடர்பு நிற்கவில்லை.

ரன்சிமனின் ஒப்பீட்டு இழப்பை (1966) இதோடு சேர்த்து இரண்டு வரியில் முடியுங்கள். 'எனக்குக் கிடைக்கவில்லை' என்பது தனிமனித மனக்குறை; 'எங்களுக்குக் கிடைக்கவில்லை' என்பதுதான் கூட்டத்தைக் கூட்டும்.

தனித்துவம் கரைதல்: நேரத்தைக் கொட்ட வேண்டிய இடம்

கேள்வி பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும். தனித்துவம் கரைதல் என்பது கூட்டத்துக்குள் 'நான்' என்ற உணர்வு மங்கிப்போவது. அதற்கான 'டீஇண்டிவிஜுவேஷன்' என்ற ஆங்கிலச் சொல் ஃபெஸ்டிங்கர், பெபிட்டோன், நியூகோம் மூவரும் 1952-இல் வைத்தது. ஜிம்பார்டோ 1969-இல் அதற்கு உள்ளீடு, வெளியீடு என்று உருக்கொடுத்தார். முகமறியாமை, பொறுப்பு பலருக்கும் பரவிவிடுதல், பெரிய கூட்டம், இரைச்சல், போதை ஆகியவை உள்ளே போகும். கட்டுப்பாடற்ற நடத்தை வெளியே வரும்.

அவருடைய சோதனையை இப்படி நினைவில் வையுங்கள். நியூயார்க்கில் கல்லூரிப் பெண்கள், நால்வர் கொண்ட குழுக்கள். ஒரு பகுதியினருக்குத் தலையை மூடும் உடை, மங்கலான வெளிச்சம், பெயர் சொல்லி அழைப்பதில்லை. மற்றவர்களுக்குச் சொந்த உடை, பெயர்ச் சீட்டு. இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பவைத்தபோது, முகம் மறைத்தவர்கள் பொத்தானை ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் அழுத்தினார்கள். உண்மையில் மின்சாரம் யார் உடலிலும் பாயவில்லை. இதையே பெல்ஜியப் படைவீரர்களிடம் செய்தபோது முடிவு தலைகீழானது என்பதை எழுதுபவர்கள் குறைவு. நீங்கள் எழுதுங்கள்.

இதை, மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து ஜிம்பார்டோவே 1971 ஆகஸ்டில் நடத்திய ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையோடு குழப்புவது அடுத்த வழக்கமான தவறு. அதில் தேர்வானவர்கள் 24 ஆண்கள், 14 நாளுக்குத் திட்டமிட்டு 6 நாளில் நிறுத்தப்பட்டது, மின்னதிர்ச்சி கிடையாது. அதற்கு மறுப்பாக ரீச்சரும் ஹாஸ்லமும் பி.பி.சி.யோடு சேர்ந்து நடத்தி 2006-இல் வெளியிட்ட சிறை ஆய்வைச் சொல்லலாம்: அங்கே காவலர் வேடமிட்டவர்கள் அந்த வேடத்தோடு ஒட்டவே இல்லை, சீருடை மட்டும் ஆளை மாற்றிவிடாது.

எண்களோடு தெரிந்திருக்க வேண்டிய ஆய்வு டீனரும் குழுவினரும் 1976-இல் செய்தது. சியாட்டில் நகரில் 27 வீடுகள். ஹாலோவீன் இரவில் மிட்டாய் கேட்டு வந்த 1,352 குழந்தைகள். 'ஆளுக்கு ஒன்றுதான்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் உள்ளே போய்விடுவார். பெயர் சொல்லித் தனியாக வந்த குழந்தைகளில் கூடுதலாக எடுத்தவர்கள் 7.5 சதவீதம். பெயர் சொல்லாமல் தனியாக வந்தவர்களில் 21.4, பெயர் சொல்லிக் கூட்டமாக வந்தவர்களில் 20.8, பெயர் சொல்லாமல் கூட்டமாக வந்தவர்களில் 57.2. கூட்டம் மட்டும் இருந்தாலும் முகமறியாமை மட்டும் இருந்தாலும் ஐந்தில் ஒருவர்தான். இரண்டும் சேரும்போது பாதிக்கு மேல் போகிறது. நான்கு எண்ணையும் இரண்டுக்கு இரண்டு கட்டமாக வரைந்து காட்டுங்கள், அரைப் பக்கம் மிச்சம். ஆனால் கூடுதல் மிட்டாய் எடுப்பது தாக்குதல் அல்ல. மேலே பார்த்த நான்கு உறுப்பு வரையறையில் அது நிற்காது. இதைச் சுட்டிக்காட்டுவதற்குத்தான் வரையறையை முதலில் படிக்கச் சொன்னது.

வெளியுலகச் சான்றுக்கு மூன்று போதும். வாட்சன் (1973) 23 பண்பாடுகளைப் பார்த்தார்: போருக்கு முன் முகத்துக்குச் சாயம் பூசியோ முகமூடி போட்டோ தோற்றத்தை மாற்றிக்கொண்ட 15-இல் 12 பண்பாடுகள் எதிரிகளைக் கொடுமையாக நடத்தின; மாற்றாத 8-இல் ஒன்று மட்டும். மான் (1981), உயரத்தில் ஏறித் தற்கொலைக்கு முயன்றவரைக் கீழே நின்றவர்கள் 'குதி' என்று ஏவினார்களா என்று பத்திரிகைச் செய்திகளில் தேடினார்: 21 நிகழ்வில் 10-இல் ஏவியிருக்கிறார்கள், இருட்டு, பெரிய கூட்டம், மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவர்களுக்கும் இடையே தூரம் ஆகியவை இருந்தபோது அதிகம். சில்க் (2003) வட அயர்லாந்தில் 500 தாக்குதல்களை எடுத்தார்: 206-இல் முகம் மறைத்திருந்தார்கள், அவற்றில் காயமும் சேதமும் கடுமையாக இருந்தன.

இனி ஓட்டைகள். ஜான்சன், டவுனிங் (1979) ஒரு பகுதிப் பெண்களுக்கு வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் உடை போன்ற அங்கியும், மறு பகுதிக்குச் செவிலியர் சீருடையும் கொடுத்தார்கள். முகமறியாமை தாக்குதலை ஏற்றும் என்றால் இரண்டு பக்கமும் ஏற வேண்டும். செவிலியர் உடை போட்டவர்களிடம் மின்னதிர்ச்சி குறைந்தது, முகம் தெரியாதபோது இன்னும் குறைந்தது. ஆக, முகம் மறைந்ததும் ஆள் காணாமல் போகவில்லை. உடை சொன்ன ஆளாக மாறினார். இந்த ஒரு ஆய்வு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் போகும் பாலம். போஸ்ட்மெஸ், ஸ்பியர்ஸ் (1998) 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தனித்துவம் கரைவதால் கட்டுப்பாடு போகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை, அந்த இடத்தின் விதிக்கு ஆட்கள் அதிகம் கட்டுப்படுகிறார்கள் என்றார்கள்.

பிரென்டிஸ்-டன், ராஜர்ஸ் (1982) பிரித்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். 'மற்றவர் என்னைக் கவனிக்கிறார்' என்ற உணர்வு குறைந்தால், மாட்டமாட்டேன் என்று கணக்குப் போட்டுச் செய்வான்; அது யோசனையோடு செய்வது. 'நான் என்ன செய்கிறேன்' என்ற உள்நோக்கு குறைந்தால்தான் உண்மையான கரைதல். இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தனியாக ஐந்து மதிப்பெண் கேள்வி போடலாம்.

'நாங்கள்': டாஜ்ஃபெல், ஷெரிஃப், ரீச்சர்

முசாஃபர் ஷெரிஃப், ஓக்லஹோமாவில் 1954-இல் 22 சிறுவர்களை 'ராட்லர்ஸ்', 'ஈகிள்ஸ்' என்று பிரித்துப் போட்டிக்கு விட்டார், பகை வளர்ந்தது, தண்ணீர்க் குழாய் அடைப்பைச் சேர்ந்து சரிசெய்வது போன்ற பொது வேலைகளால் தணிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் நடத்திய முகாமில் சிறுவர்கள் சண்டைக்கு வராததால் சோதனை கைவிடப்பட்டது. பாடநூல்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

டாஜ்ஃபெல் பிரிஸ்டலில் காட்டியது இன்னும் மெலிதானது: போட்டியே தேவையில்லை, பெயருக்கு ஒரு பிரிவு இருந்தால் போதும், புள்ளிகளைப் பங்கிடச் சொன்னால் தன் பக்கத்துக்குக் கூடுதல் புள்ளி போகும் (1971). ஆனால் புள்ளி குறைவாகக் கொடுப்பது அடிப்பது ஆகாது. மும்மெண்டையும் குழுவினரும் (1992) புள்ளிக்குப் பதிலாகத் தொந்தரவான ஒன்றைப் பங்கிடச் சொன்னபோது அந்தப் பாரபட்சம் மங்கிவிட்டது. டாஜ்ஃபெல்லிலிருந்து நேரே கலவரத்துக்குத் தாவும் விடைகளுக்கு இங்கே ஒரு தடுப்பு வேண்டும்.

ரீச்சர் (1984) இதில் முக்கியமானவர். 1980 ஏப்ரல் 2 அன்று பிரிஸ்டலின் செயின்ட் பால்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தை அவர் ஆராய்ந்தார். கூட்டம் கண்ணில் பட்டதையெல்லாம் தாக்கவில்லை. காவல்துறையையும், வெளியார் உடைமை என்று கருதியவற்றையும் தாக்கியது. குடியிருப்பு வீடுகளை விட்டது. பகுதியின் எல்லையைத் தாண்டிப் போகவில்லை. வெறி என்றால் எல்லை எதற்கு? லெ போனுக்கு நேரடி மறுப்பு இதுதான்.

ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்க பிரிஸ்டல் வரை போக வேண்டாம். 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிரச்சினையில் பெங்களூருவில் வண்டிகள் எரிந்தபோது இலக்கைத் தீர்மானித்தது தமிழ்நாட்டுப் பதிவு எண். ஓட்டுநர் யார், சரக்கு யாருடையது என்று யாரும் பார்க்கவில்லை. பலகையில் இருந்த இரண்டெழுத்தே போதுமானதாக இருந்தது. தனி ஆளிடமிருந்து வகைக்கு மாறும் அந்த நொடியைத்தான் டாஜ்ஃபெல் வழிவந்த சமூக அடையாளக் கோட்பாடு விளக்குகிறது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டபோதும் இலக்கு சாதி எல்லையை ஒட்டியே போனது. இதை எழுதும்போது 'இரு பிரிவினர் மோதல்' என்று மழுப்பாதீர்கள்; தாக்கப்பட்டவர் யார் என்பதே விடையின் கரு. யூ.பி.எஸ்.சி. இரண்டாம் தாளில் சமூக ஒருங்கிணைப்பு என்ற பகுதியில் சாதி, வர்க்கம், மத, மொழி மோதல்கள் நேரடியாகவே பாடத்திட்டத்தில் இருக்கின்றன. இந்த இரண்டு எடுத்துக்காட்டும் அங்கே பயன்படும்.

சீருடைக்குள் நடக்கும் தாக்குதல்

கூட்டம் என்றால் தெருவில் சேர்ந்தது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். ஹெர்பர்ட் கெல்மன் (1973) மூன்று நிபந்தனைகள் சொன்னார்: மேலிடத்து அனுமதி, செயல் வழக்கமான வேலையாகிவிடுதல், எதிரில் இருப்பவரை மனிதராகக் கருதாமை. பண்டூரா, அண்டர்வுட், ஃப்ராம்சன் (1975) இவற்றில் கடைசியைச் சோதித்தார்கள்: தண்டிக்கப்படப்போகிறவர்களை விலங்கு போன்றவர்கள் என்று இழித்துச் சொல்வதைக் காதில் விழச் செய்தபோது மின்னதிர்ச்சி ஏறியது, பொறுப்பும் குழு முழுவதற்கும் பொது என்றாகிவிட்டபோது இன்னும் ஏறியது.

அரூர் பக்கத்து வாச்சாத்தியை இங்கே வையுங்கள். 1992 ஜூன் 20, சந்தனக் கடத்தல் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பழங்குடிக் கிராமத்தில் புகுந்து மக்களைத் தாக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் அத்தனை பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். 2023-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. கெல்மனின் மூன்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதலாம். முகமறியாமையை இங்கே இழுக்காதீர்கள். அது பலவீனமான பொருத்தம். 'சூழல்தான் செய்ய வைத்தது' என்று முடிக்கவும் வேண்டாம். உளவியல் விளக்கம் வேறு, பொறுப்பு வேறு. நீதிமன்றம் 269 பேரையும் தனித்தனி ஆட்களாகத்தான் எண்ணியது.

அட்டை போடுவது

ஒரு கோட்பாட்டுக்கு ஓர் அட்டை, அஞ்சலட்டை அளவு, மொத்தம் 9 போதும். முன்பக்கம் பெயரும் ஆண்டும். பின்பக்கம் நான்கு வரி: என்ன சொல்கிறது, எப்படி நடக்கிறது என்கிறது, ஓர் ஆய்வு எண்ணோடு, ஓர் ஓட்டை. ஐந்தாவதாக 'யாருக்குப் பதில்' என்று ஓர் அம்புக்குறி. நான்கு வரிக்கு மேல் போனால் அது அட்டை அல்ல, நோட்டு. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பேருந்தில் 9 அட்டையையும் இரண்டு முறை புரட்டிவிடலாம். ஆண்டை மட்டும் பார்த்து ஆளையும், ஓட்டையை மட்டும் பார்த்து கோட்பாட்டையும் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதுதான் கடினம், தேர்வில் கேட்பதும் அதைத்தான்.

எழுதும் கணக்கு

மூன்று மணி நேரம், 75 மதிப்பெண் தாள் என்றால், சரிபார்க்க 10 நிமிடம் போக, 10 மதிப்பெண் விடைக்குக் கிடைப்பது சுமார் 22 நிமிடம். 2 நிமிடம் குறிப்பு, 2 நிமிடம் வரையறை, 10 நிமிடம் இரண்டு கோட்பாடு, 5 நிமிடம் இரண்டையும் மோதவிட்டு மதிப்பிடுதல், 3 நிமிடம் எடுத்துக்காட்டு. இரண்டு கோட்பாடு என்பதைக் கவனியுங்கள். ஆறைத் தொட்டுச் செல்பவருக்கு மதிப்பீட்டுக்கு நேரமிருக்காது. கோட்டின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று எடுத்தால் மோதல் தானாக வரும். 'விளக்குக' என்றால் மதிப்பீட்டைக் குறைத்து ஆய்வைக் கூட்டுங்கள். 'மதிப்பிடுக' என்றால் நேர்மாறு.

உள்ளூர் எடுத்துக்காட்டை விடையின் தொடக்கத்தில் வைக்க வேண்டாம். செய்தித்தாள் கட்டுரை போல ஆகிவிடும். கோட்பாட்டையும் ஆய்வையும் எழுதிய பிறகு, தேதி, இடம், எந்தக் கூறு பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று நான்கு வரி. தேதி உறுதியில்லையென்றால் ஆண்டை மட்டும் எழுதுங்கள். நிகழ்வில் சிக்கியவர்களின் பெயர்களும் கட்சிச் சார்பும் வேண்டாம்.

நெட்டுக்கு இந்த எழுத்துக்கலை எதுவும் உதவாது. இரண்டாம் தாளில் 100 கேள்வி, கேள்விக்கு 2 மதிப்பெண், தவறுக்குக் கழிப்பதில்லை. அதனால் ஒன்றையும் விடாதீர்கள். பொருத்துக வகைக் கேள்விகளில் நான்கு இடங்களில் சறுக்குவார்கள்: ஃபெஸ்டிங்கரின் 1952-ஐ ஜிம்பார்டோவுக்குக் கொடுப்பது; டர்னர் என்று இரண்டு பேர் இருப்பதை மறப்பது (1957-இன் ரால்ஃப் டர்னர் வேறு, டாஜ்ஃபெல்லோடு 1979-இல் எழுதிய ஜான் டர்னர் வேறு); ஆல்போர்ட் என்றதும் கார்டன் ஆல்போர்ட்டை நினைப்பது (1924 அவருடைய அண்ணன் ஃப்ளாய்டு); ரீச்சர், ஸ்பியர்ஸ், போஸ்ட்மெஸ் 1995-இல் வைத்த 'சைடு' மாதிரியை (முகம் மறையும்போது குழு அடையாளம் முன்னுக்கு வரும் என்பது) தனித்துவம் கரைதலின் ஒரு வகை என்று குறிப்பது. அது அந்தக் கோட்பாட்டுக்கு எழுந்த மறுப்பு. முதல் நாள் போட்ட கோட்டில் வலப்பக்கத்தில் எழுத வேண்டியது.